முடி கொட்டாத நாயின் முடி எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் வளர்க்கும் சின்ன நாய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் சுருள்முடி நாய்களுக்கு அதில் ஒதுக்கியிருந்தது இரண்டே வரி: இவற்றுக்கு முடி கொட்டாது, அதனால் வேலை குறைவு, வெயில் காலம் வந்தால் ஒட்ட மழித்துவிட்டால் போதும் என்று. இதே இரண்டு வரியை யாரோ சொல்லக் கேட்டுத்தான் 7 வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு டாய் பூடில் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதனால் இந்த வரிகளோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

அவன் பெயர் பஞ்சு. வைத்தது என் அக்கா மகள். காய்ந்திருக்கும்போது பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருப்பான், நனைந்துவிட்டால் பாத்திரம் தேய்க்கும் நார். இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் அடுத்த ஒரு மாதம் அவன் எப்படி இருப்பான் என்று முடிவாகும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ‘முடி கொட்டாது’. கொட்டும். எந்த நாயாக இருந்தாலும் ஒவ்வொரு முடியும் வளர்ந்து, வளர்ச்சி நின்று, கொஞ்ச நாள் சும்மா இருந்து, அப்புறம் விழத்தான் செய்யும். முடி கொட்டுகிற நாய்களில் பாதிக்கு மேல் முடி அந்தச் சும்மா இருக்கும் கட்டத்தில் காத்திருக்கும், பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக விழுந்து சோபாவிலும் நம் உடையிலும் ஒட்டும். பூடில், பிஷோன் மாதிரி சுருள்முடி நாய்களுக்கு வளர்ச்சிக் கட்டம் ரொம்ப நீளம். நம் தலைமுடி போல வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும், ஒரே நேரத்தில் விழுவது குறைவு. விழுகிற அந்தக் கொஞ்சமும் தரைக்கு வந்து சேராது, பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். இருக்கிற முடியும் உதிர்ந்த முடியும் ஒன்றோடொன்று பின்னி, நாய் படுத்து எழுந்து, சொறிந்து, நனைந்து காய்ந்து, ஒரு நாள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் தோலை ஒட்டி ஒரு கம்பளித் துண்டு தட்டுப்படும். ஆட்டு ரோமத்தை ஈரமாக்கித் தேய்த்துத் தேய்த்து ஃபெல்ட் துணி செய்வார்களே, அதே வேலைதான், செய்கிற ஆள் மட்டும் நாய். வீட்டைப் பெருக்குகிற வேலை மிச்சம், வாஸ்தவம். அந்த வேலை அப்படியே சீப்புக்கு மாறிவிடுகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தச் சுருளுக்கு என்ன காரணம் என்று கேட்டால், 2009இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த ஆராய்ச்சி ஒன்று நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களை வைத்து விளக்கிவிடலாம் என்று காட்டியது. நீளத்துக்கு ஒன்று, மீசை புருவத்துக்கு ஒன்று, சுருளுக்கு ஒன்று. பஞ்சுவுக்கு மூன்றும் கிடைத்திருக்கிறது, மீசை உட்பட. கூடவே இன்னொன்று, இந்த நாய்களால் அலர்ஜி வராது என்றும் சொல்கிறார்களே, அதையும் நம்பி வாங்க வேண்டாம். அலர்ஜியைக் கிளப்பும் புரதங்கள் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கின்றன, முடி நேராக இருந்தாலும் சுருண்டிருந்தாலும் நாய் என்றால் எச்சில் உண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் வருஷம் நான் தினமும் பஞ்சுவைப் பிரஷ் செய்தேன், சத்தியமாகச் செய்தேன். ஆனால் மேலோட்டமாக. மென்மையான ஒரு பிரஷை வைத்து முதுகில் இரண்டு இழுப்பு, தலையில் ஒரு தடவல், பார்க்கப் பூப்போல இருப்பான், எனக்கும் திருப்தி. அவனுக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில், வெயில் ஏற ஆரம்பித்ததும், முடி வெட்டும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ‘கொஞ்சம் குறைத்து, உருண்டையாக’ என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு மணி நேரம் கழித்துத் தோலோடு மழித்த ஒரு எலிக்குட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நான் போட்ட சத்தம் இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முடி வெட்டிய அந்த க்ரூமர் பதில் பேசவில்லை, உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். பஞ்சுவின் வயிறு, நான்கு கால், காதுகளுக்குப் பின்பக்கம் எல்லாம் சேர்ந்து கழற்றிப்போட்ட ஸ்வெட்டர் போல ஒரே துண்டாக இருந்தது. அடிப்பக்கம் பார்த்தேன், தோல் செதில்களும் ஒரு விதமான புளித்த வாடையும். அத்தனை நாளும் அவனை யாராவது அக்குளில் தூக்கினால் முனகுவான், செல்லம் கொஞ்சுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சடை, பின்னி இறுகிய அந்த முடி, தோலை இழுத்திருக்கிறது.

சடை அந்த அளவுக்குப் போய்விட்டால் பிரித்தெடுக்கிறேன் என்று உட்காரக் கூடாது என்று அவர்தான் சொன்னார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் முடியை இழுத்து நாயை வதைப்பதைவிட மழிப்பது மேல், முடி வளர்ந்துவிடும். காதில் இருக்கும் பெரிய சடையை எடுத்த பிறகு நாய் தலையை வேகமாக உதறி உதறிக் காது மடலுக்குள் ரத்தக்கட்டு வருவதுகூட உண்டாம், அதனால் மழித்த அன்று காதுகளைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அன்றைக்கு இல்லை, அடுத்த மாதம்.

அவரிடம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: வகிடு. தலை வாரும்போது வகிடு எடுக்கிறோம் அல்லவா, அதுபோல நாயின் முடியை ஒரு கையால் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் ஒரு கோடாகத் தெரிகிற அளவுக்குப் பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து நுனி வரை ஸ்லிக்கர் பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாக வார வேண்டும், அப்புறம் ஒரு விரல் அளவு மேலே அடுத்த வகிடு. காலில் என்றால் பாதத்திலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். ஸ்லிக்கரில் வளைந்த மெல்லிய கம்பிகள் இருக்கும், ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும், அதனால் அதை எழுதுகோல் மாதிரி லேசாகப் பிடிக்க வேண்டும், மண்வெட்டி மாதிரி இல்லை. கடைசியில் உலோகச் சீப்பு. பிரஷ் ஓடிவிட்டது என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, சீப்பு அடியிலிருந்து நுனிவரை தடைபடாமல் ஓடினால்தான் அந்த இடம் முடிந்தது. எங்கள் வீட்டில் சீப்புதான் நீதிபதி.

சடை எங்கே விழும் என்பது எல்லாச் சுருள்முடி நாய்க்கும் கிட்டத்தட்ட ஒரே வரைபடம்தான். காதுக்குப் பின்னால், அக்குள், கவட்டை, வாலடி, கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் உரசுகிற இடம், விரல் இடுக்கு. நேரமில்லாத அன்று முதுகை விட்டுவிட்டு இவற்றை மட்டும் பாருங்கள். மக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், முதுகுதான் கண்ணுக்குத் தெரிகிறது, நாயும் முதுகை மட்டும்தான் சந்தோஷமாகக் காட்டுகிறது.

கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் சொந்த அனுபவம். சின்ன முடிச்சு ஒன்றைக் கண்டால் நறுக்கி எடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, தளர்வானது, சடையைப் பிடித்து இழுத்தால் அதோடு கூடாரம் மாதிரி எழுந்து வந்துவிடும், எது முடி எது தோல் என்று மேலேயிருந்து தெரியாது. பஞ்சுவின் அக்குளில் நான் அப்படி ஒருமுறை வெட்டி இரண்டு தையல் போட வேண்டியதாகிவிட்டது. அவன் கத்தக்கூட இல்லை, திரும்பி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். இப்போதெல்லாம் சின்ன முடிச்சு என்றால் சிக்கு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து, அடிப்பக்கம் விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பின் ஓரப் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கிறேன். பெரியது என்றால் கிளிப்பர், முடி மழிக்கும் மெஷின். என் கைக்குக் கத்தரி வேண்டாம்.

இனி உங்கள் கட்டுரையின் இரண்டாவது வரி, வெயிலுக்கு மொட்டை. அன்றைக்கு மழித்ததற்கு வேறு வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழித்தாகிவிட்டது, இனி அவனுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்து நான் மறுநாள் சாயங்காலம் அவனை வெளியே நன்றாக ஓடவிட்டேன். இரண்டு நாளில் முதுகு பூராவும் சிவந்து, தொட்டால் சிலிர்த்தது. வெயில் பட்டுத் தோல் கன்றிவிட்டது. வெள்ளை, க்ரீம் நிற நாய்களுக்கு அடித்தோல் பெரும்பாலும் இளஞ்சிவப்பு, முடியில்லாமல் வெயிலைத் தாங்காது. நாய் உடம்பு முழுக்க வியர்த்துக் குளிர்ச்சி பெறுவதும் இல்லை, வியர்ப்பதெல்லாம் முக்கியமாக உள்ளங்கால் மெத்தைகளில்தான், உடம்புச் சூட்டை வெளியேற்றும் பெரிய வேலையை மூச்சிரைப்புதான் செய்கிறது. ஆகையால் முடியை ஒட்ட எடுத்துவிட்டால் நமக்குச் சட்டை கழற்றியது போல அதற்கும் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

ஹஸ்கி, பொமரேனியன் மாதிரி இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்களை மழிக்கவே வேண்டாம் என்பார்கள், அது வேறு கதை, அவற்றுக்கு முடி பழையபடி வளராமலே போவதும் உண்டு. பூடிலுக்கு ஓரடுக்குதான், குட்டையாக வெட்டலாம், வெட்டுவது நல்லதும்கூட, ஆனால் குட்டை என்பதற்கும் மொட்டை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிளிப்பர் பிளேடுகளில் 10ஆம் எண் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான் விட்டுவைக்கும், 7எஃப் 3 மில்லிமீட்டர், 4எஃப் 9 மில்லிமீட்டர் அளவுக்கு. நான் வெயில் காலத்துக்கு ‘4எஃப் விடும் நீளத்துக்குக் கீழே போக வேண்டாம்’ என்று எண்ணைச் சொல்லியே கேட்கிறேன். ‘குட்டையாக’ என்று சொன்னால் ஆளுக்கொரு அளவு, எண்ணைச் சொன்னால் தகராறு இல்லை. வயிற்றுப் பக்கமும் கவட்டையும் மட்டும் ஒட்ட எடுக்கலாம், தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்போது அங்கேதான் சில்லென்று ஏறும், வெயிலும் அங்கே படாது. எந்த இடத்தில் முடியை விட வேண்டும் என்ற யோசனை இந்த நாய்களுக்குப் புதிதும் இல்லை. பூடில் தண்ணீர் நாய், ஜெர்மன் மொழியில் நீரில் அளைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. சுடப்பட்ட நீர்ப்பறவைகளை நீந்திப்போய் எடுத்து வரும் நாய்க்கு நீந்த வசதியாக முடியைக் குறைத்தார்கள், குளிர் தாக்காமல் நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றைக்குக் கண்காட்சியில் பார்த்துச் சிரிக்கிறோமே அந்தச் சிங்கக் கட்டிங், அது ஒரு காலத்தில் வேலை உடுப்பு.

வெயில் காலத்தில் செய்கிற இன்னொரு தப்பு, நாறுகிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவை நம் ஷாம்புவைப் போட்டுக் குளிப்பாட்டுவது. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5.5 பக்கம். நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்டே இருக்கும். அதற்கென்று உள்ள ஷாம்புதான் சரி. 3, 4 வாரத்துக்கு ஒரு குளியல் தாராளம், நடுவில் சேற்றில் விழுந்தால் அந்தக் காலை மட்டும் கழுவினால் போதும்.

மழைக்காலம். சுருள்முடி நாய் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான பரீட்சை இதுதான், வெயிலெல்லாம் சும்மா. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலை உள்ளே விட்டால் தோலை ஒட்டி ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும். சுருள் காயும்போது இறுகும், இறுகும்போது உதிர்ந்து உள்ளே கிடக்கும் முடியையும் சேர்த்து முறுக்கிக்கொள்ளும். ‘தானாகக் காயட்டும்’ என்று விட்ட ஒரு நாள், பிறகு மூன்று நாள் சிக்கு எடுக்கிற வேலை. போதாக்குறைக்கு அந்த ஈரத்தின் அடியில் தோல் ஊறி, நாய் ஒரு இடத்தை நக்க ஆரம்பித்து, ராத்திரி சின்னதாக இருந்தது காலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நீர் வடியும் புண்ணாகி நிற்கும். அதைப் பார்த்துப் பதறி வீட்டு மருந்தெல்லாம் தடவாமல் சுற்றியுள்ள முடியைக் குறைத்துக் காற்றுப்படும்படி விட்டு மருத்துவரிடம் போவதே நல்லது.

நான் செய்வது இது. வெளியே போய் நனைந்து வந்ததும் துண்டால் தேய்ப்பது கிடையாது, தேய்த்தால் மறுபடியும் ஃபெல்ட் கதைதான். துண்டை மேலே போட்டு அழுத்தி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்கிறேன், ஒன்று நனைந்ததும் அடுத்த துண்டு. அப்புறம் டிரையர், வெதுவெதுப்பில், என் கையை நாய்க்கு முன்னால் நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே, ஒரே இடத்தில் நிறுத்தாமல். டிரையர் காற்று எங்கே படுகிறதோ அங்கேயே அதே சமயத்தில் பிரஷும் ஓட வேண்டும், இதுதான் அந்த ஒரு மணி நேரம். காற்று சுருளை நிமிர்த்திவிடும், நிமிர்ந்த முடியில் உதிரி முடி நிற்காது, பிரஷோடு வந்துவிடும். குளிப்பாட்டும் நாளிலும் இதே முறைதான், ஒரு வித்தியாசம், குளியலுக்கு முன்னாலேயே முழுவதும் சீவி முடித்திருக்க வேண்டும். சிக்கோடு தண்ணீரில் இறக்கினால் அந்தச் சிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது. முடி வெட்டும் இடங்களில் சிலர் நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உடம்புச் சூடு ஏறி நாய்கள் செத்தே போயிருக்கின்றன, ஆகவே ‘எப்படிக் காயவைப்பீர்கள், பக்கத்தில் ஆள் இருப்பாரா’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, கேளுங்கள்.

மழைக்காலத்தில் பாத முடியையும் கவனிக்க வேண்டும். உள்ளங்கால் மெத்தைக்கு வெளியே முடி தொங்கினால் ஈரத் தரையில் கால் வழுக்கும், சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் கோளாறு ஏற்கனவே சகஜம், வழுக்கலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். மெத்தை மட்டத்துக்கு வெட்டிவிட்டு விரல் இடுக்கைத் தனியாகத் துடையுங்கள். காது, தொங்கும் காது, உள்ளே துளை ஆங்கில எல் எழுத்து மாதிரி வளைந்து போகும், தண்ணீர் போனால் எளிதில் வராது. வாரத்துக்கு ஒருமுறை முகர்ந்து பாருங்கள், ஆமாம், முகர்ந்துதான். புளித்த வாடை வந்தால் உள்ளே ஈஸ்ட் என்ற பூஞ்சை கிளம்பிவிட்டது என்று சந்தேகப்படலாம். பட்ஸை விட்டுக் குடைய வேண்டாம். காதுக்குள் வளரும் முடியைப் பிடுங்கலாமா கூடாதா என்பதில் க்ரூமர்களும் மருத்துவர்களும் ஒத்துப்போவதில்லை. பஞ்சுவுக்குக் காது நன்றாக இருக்கிறது, அதனால் நான் கை வைப்பதில்லை.

உண்ணி. சுருள் முடிக்குள் கண்ணால் பார்த்து உண்ணி கண்டுபிடிக்க முடியாது, விரல் நுனிதான் கண். வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் காது மடல், கழுத்து, அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறேன். கிடைத்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுக்க வேண்டும், நெருப்பைக் காட்டுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். ஒருமுறை வயிற்றில் ஒன்று தட்டுப்பட்டு இடுக்கியோடு போராடினேன், அது ஏன் வரவே இல்லை என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால் அது அவனுடைய முலைக்காம்பு. ஆண் நாய்க்கும் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்குத் தடவும் உண்ணி மருந்தைப் பெர்மெத்ரின் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், பூனைக்கு அது விஷம்.

குளிர் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முடியை நீளமாக விடலாம், ஆனால் நீளம் கூடினால் சீவும் நேரமும் கூடும், இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஸ்வெட்டர் போட்டு அழகு பார்க்கிறவர்கள் அதை ராத்திரி கழற்றிவிட்டு அக்குளைச் சீவ வேண்டும், நாள் முழுக்கத் துணி உரசினால் மூன்றாம் நாள் சடை. காற்று வறண்டிருக்கும்போது வெறும் முடியில் பிரஷ் போட்டால் முடி பறக்கும், உடையும், லேசாகத் தண்ணீரோ கண்டிஷனர் ஸ்ப்ரேயோ தெளித்துக்கொள்ளலாம். பனி கொட்டும் நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு, கால் முடியில் பனி உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். பிய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டு, பாதையில் தூவிய உப்பையும் பாதத்திலிருந்து கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் நக்கி வைக்கும்.

இவ்வளவு சொன்னாலும் என் அனுபவத்தில் கஷ்டமான நாட்கள் வெயிலோ மழையோ குளிரோ இல்லை, ஒன்று போய் இன்னொன்று வருகிற அந்த இரண்டு மூன்று வாரம்தான். நாய்களின் முடிச் சுழற்சியைப் பகல் நீளம் பாதிக்கிறது, பகல் நீளும்போதும் குறுகும்போதும் உடம்பு முடியை மாற்றப் பார்க்கும். வீட்டு விளக்கில் வாழ்கிற நாய்க்கு அது மங்கலாகத்தான் நடக்கும், சுருள்முடி நாய்க்கு இன்னும் மங்கலாக, கண்ணுக்கே தெரியாமல். ஆனால் சீப்புக்குத் தெரியும். பஞ்சுவைச் சீவி முடித்ததும் சீப்பில் வந்த முடியை உருட்டிப் பார்ப்பது என் பழக்கம், சாதாரண நாளில் கோலி குண்டு அளவு, இந்த வாரங்களில் எலுமிச்சம்பழம் அளவு. அப்போது வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்று இருப்பது தினமும் என்று ஆகிவிடும். எனக்கு முதல் வருஷம் நடந்ததும் இதுதான், கூடவே அவனுக்குக் குட்டி முடி மாறிப் பெரிய முடி வருகிற வயது. ஒரு வயதை ஒட்டி வரும் அந்த மாற்றத்தில் நேற்றுச் சீவிய இடத்தில் இன்று சடை நிற்கும். நாய்க்கு ஏதோ வியாதி என்றும், வாங்கிய ஷாம்பு சரியில்லை என்றும் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூடிலோடு வேறு இனம் கலந்த குட்டி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், அடியில் ஒரு விதமான முடி, மேலே இன்னொரு விதமான முடி என்று இரண்டும் பின்னிக்கொள்ளும்.

பஞ்சுவுக்கு இப்போது 7 வயது. தோலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரு வர ஆரம்பித்திருக்கிறது, வயதான பூடில்களுக்கு அது சகஜம்தான் என்றாலும் கிளிப்பர் பட்டால் ரத்தம் வரும், அதனால் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே க்ரூமரிடம் காட்டிவிடுகிறேன். அதையெல்லாம் கண்டுபிடித்ததும் வகிடு எடுக்கும்போதுதான். போன குளிர் காலத்தில் வெட்டிய இடுப்பு முடி மாதக்கணக்கில் வளரவே இல்லை என்று மருத்துவரிடம் போனோம், தைராய்டு சோதித்தார்கள், நல்லவேளை ஒன்றும் இல்லை, மெதுவாக வளர்ந்துவிட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘முடி கொட்டாது, வேலை குறைவு’ என்ற வரிக்கு ஒரு திருத்தம், ‘மழித்துவிட்டால் போதும்’ என்ற வரிக்கு ஒரு திருத்தம், ஓரமாகச் சின்ன எழுத்தில் போட்டாலும் போதும், விடுமுறையில் குட்டி வாங்கக் கிளம்புகிறவர்கள் கண்ணில் படட்டும். அப்புறம் அந்தப் படம். சீவிச் சிங்காரித்து ரிப்பன் கட்டி நிறுத்திய ஒரு பிஷோன் படம் போட்டிருந்தீர்கள், அது முடி வெட்டி அரை மணி நேரத்துக்குள் எடுத்த படம் என்று பார்த்தாலே தெரிகிறது. அடுத்த முறை வேண்டுமானால் மழையில் நனைந்து வந்து வாசலில் நிற்கும் பஞ்சுவின் படம் என்னிடம் இருக்கிறது, ஒரு கால் முழுக்கச் சேறு, மீசையில் ஒரு காய்ந்த இலை. கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி ஒருத்தி